அக்கா வீட்டுப் பூச்சி, என் வீட்டு ஆந்தை

அம்மா இறந்த எட்டாம் நாள் காலையில் அக்கா எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் ஒரு படம் போட்டாள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அவள் தனியாக இருக்கும் அடுக்குமாடி வீட்டின் ஹால் சுவர். அந்தச் சுவரில் இரண்டு உள்ளங்கைகளை விரித்து ஒட்டி வைத்த அகலத்துக்கு ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. செங்கல் நிறத்தில் சிறகு, சிறகு ஒவ்வொன்றிலும் கண்ணாடி பதித்த மாதிரி ஒரு முக்கோணம். படத்துக்குக் கீழே ஒரே வரி எழுதியிருந்தாள். "அம்மா வந்துட்டாங்க."

நான் அப்போது கிள்ளானில் என் வீட்டுச் சமையலறையில் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். அன்று எட்டுப் படையல். செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, இலை போட்டுப் பரிமாறி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய் நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டிவிட்டுத் திறந்தால், அவர்கள் வந்து சாப்பிட்டுப் போயிருப்பார்கள் என்று கணக்கு. விடிவதற்கு முன்பே எழுந்து அம்மாவுக்குப் பிடித்த நெத்திலி சம்பல், சுறாப்புட்டு, முருங்கைக்கீரை என்று ஆறேழு வகை செய்திருந்தேன். மாவுக் கையோடு அந்தப் படத்தைப் பார்த்தேன். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. எட்டு மாதம் பீத்துணி மாற்றினது நான். மூக்குக் குழாயில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் ஊற்றினது நான். அம்மா போனது அவள் வீட்டுக்கா?

இங்கே எங்கள் ஆட்களுக்குள் இப்படி ஒரு நம்பிக்கை உண்டு. துக்க வீட்டில் பெரிய பூச்சி வந்து உட்கார்ந்தால் அது போனவர்தான். விரட்டக் கூடாது. அதன் சிறகு அடிபடாமல் கூரையில் சுற்றும் காற்றாடியை நிறுத்திவிட வேண்டும். யார் வீட்டுக்கு வருகிறதோ, அவர்மேல் போனவருக்குக் கூடுதல் பாசம் என்றும் சேர்த்துச் சொல்லுவார்கள். என் பக்கத்து வீட்டுச் சீனத்து ஆன்டியும் இதையேதான் சொல்லுவார்.

ஆனால் இந்த விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது. கேரி தீவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில், பூச்சிப் பிரிவில் வேலை செய்கிறேன். ஓலையைப் புரட்டிப் புழு எண்ணுவது பாதி வேலை. எலி பிடிப்பதற்காகத் தோட்டம் முழுக்கக் கம்பத்தில் ஏற்றி வைத்திருக்கும் ஆந்தைப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது மீதி வேலை. பூச்சியும் ஆந்தையும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அக்கா போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அட்லஸ் அந்துப்பூச்சி. தலையில் இருந்த கொம்பு இரண்டும் இறகு மாதிரி அகலமாக இருந்தன. ஆண்.

நான் ஒரு அவசரக் குடுக்கை. மாவுக் கையாலேயே தட்டினேன். "அது ஆம்பளப் பூச்சி. கொம்பப் பாரு. நம்ம அம்மா வந்தா பூச்சியா வரமாட்டாங்க, ஆந்தையாத்தான் வருவாங்க."

மேரு என்ற ஊரில் இருக்கும் மாமா உடனே ஒரு சிரிக்கும் மூஞ்சியை அனுப்பினார். அடுத்த நிமிடமே அக்கா குழுவை விட்டு வெளியேறிவிட்டாள்.

ஆந்தை என்று நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே அம்மா அந்த ஜாதி. அப்பா போனபோது அக்காவுக்கு ஏழு வயது, எனக்கு மூன்று. அம்மா தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கி எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தாள். அவளை வாயில்லாப் பூச்சி என்று அவள் எதிரிகூடச் சொன்னதில்லை. வேலை வாங்கும் மண்டோர் ஒரு நாள் எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் ஆந்தைப் பெட்டி வைக்க ஆள் கூட்டிவந்தபோது, அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குறுக்கே போய் நின்றாள். "ஆந்தை கத்துனா சாவு விழும். என் வீட்டுல எவளாச்சும் செத்தா நீ வந்து தூக்குவியா?" என்று கேட்டாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு வரிசை தள்ளிப் போய் நட்டுவிட்டு வந்தார். பிற்பாடு எனக்கு அந்த ஆந்தைகளைப் பார்க்கும் வேலையே கிடைத்தபோது, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் தினமும் சாயங்காலம், "இன்னைக்கு உன் புள்ளைங்க எத்தன எலி தின்னுச்சு?" என்று கேட்பாள்.

எலியை எண்ணுவது சுலபம். ஆந்தை எலியை முழுசாக விழுங்கும். பிறகு மயிரையும் எலும்பையும் உருண்டையாக உருட்டித் துப்பிவிடும். பெட்டிக்குக் கீழே கிடக்கும் உருண்டைகளைப் பொறுக்கிவந்து பிரித்தால் மண்டையோடுகள் இருக்கும். அம்மாவும் மென்று தின்கிற ஆள் இல்லை. கஷ்டத்தையெல்லாம் அப்படியே விழுங்கிவிட்டு, இரண்டு நாள் கழித்து யார்மேலாவது துப்புவாள். பெரும்பாலும் என்மேல். அக்கா பத்தொன்பது வயதிலேயே கோலாலம்பூருக்குப் போய்விட்டாள். புடவைக் கடையில் வேலை, சம்பளம், தனி அறை. "அவ வெளிச்சத்தப் பாத்தா பறக்குற பூச்சிடி" என்று அம்மா சொல்லுவாள். அதில் கோபம் பாதி, பெருமை பாதி. என்னைப் பற்றி அப்படி எதுவும் சொன்னதில்லை. நான்தான் கூடவே இருந்தேனே.

பக்கவாதம் வந்த பிறகு அம்மாவின் வலது பக்கம் விழுந்துவிட்டது. நான் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். வாய் கோணி, பேச்சு நாலைந்து சொல்லாகச் சுருங்கிவிட்டது. ஆந்தைக்குக் கண்ணை உருட்ட முடியாது, தலையைத்தான் திருப்பும். அம்மாவும் கட்டிலில் படுத்தபடி, நான் சமையலறைக்குப் போனால் சமையலறைப் பக்கம், வாசலுக்குப் போனால் வாசல் பக்கம் என்று தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பாள். அவளிடம் மிச்சமிருந்த சொற்களில் தெளிவாக வந்தது ஒன்றுதான். கோப்பி.

கோப்பி என்றால் அம்மாவுக்குக் கோப்பி ஓ. பால் சேர்க்காமல், சீனி தாராளமாகப் போட்டு, கறுப்பாக. ஒரு நாளைக்கு ஐந்து தடவை குடித்த மனுஷி. ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். விழுங்கும் சக்தி இல்லை, வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும், எல்லாம் குழாயில்தான் என்று. நான் கட்டிலுக்கு மேலே அதைத் தாளில் எழுதி ஒட்டியிருந்தேன். அம்மா காலையில் எழுந்ததும் "கோப்பி" என்பாள். "கூடாதும்மா" என்பேன். மத்தியானம் "கோப்பி". "கூடாதும்மா." எட்டு மாதம் இப்படி. சில நாள் எரிச்சலில் கத்தியும் இருக்கிறேன். படுக்கையில் கிடக்கிறவளிடம் கத்திய கத்து இப்போதும் என் காதில்தான் விழுகிறது.

அக்கா இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரயிலில் வருவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை அம்மாவிடம் உட்கார வைத்துவிட்டு நான் பாசாருக்குப் போனேன். மீன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், அக்கா அம்மாவின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஸ்பூனில் கோப்பி ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எட்டு மாதத்தில் என் கையில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

மீன் பையைக் கீழே போட்டுவிட்டு டம்ளரைப் பிடுங்கினேன். "கொல்லப் பாக்குறியா? தாள்ல எழுதி ஒட்டியிருக்குதுல்ல? உனக்குப் படிக்கத் தெரியாதா?"

"கேட்டாங்கடி. ரெண்டு வாய்தான். பாவம்லா."

"ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வந்து நல்ல பேரு எடுத்துட்டுப் போயிருவே. சளி கட்டுனா உறிஞ்சி எடுக்குறது நானு. போ, மொதல்ல இங்கேருந்து போ."

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மா வாசல் பக்கமே தலையைத் திருப்பி வைத்திருந்தாள். அன்று முழுக்க என் பக்கம் திருப்பவில்லை.

இனிமேல் எழுதப்போவதை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. அதற்கடுத்த வியாழக்கிழமை மத்தியானம், வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான் இருந்தோம். அந்த நாலு நாளில் அம்மா கோப்பி என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டபோது வந்த எரிச்சலைவிடக் கேட்காதது என்னைக் கொன்றது. அடுப்பில் தண்ணீர் வைத்தேன். கோப்பி ஓ கலக்கினேன். அக்கா செய்த மாதிரியே தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று ஸ்பூன் கொடுத்தேன். பிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

சனிக்கிழமை காய்ச்சல் வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனோம். நுரையீரலில் ஏதோ இறங்கிச் சீழ் பிடித்துவிட்டது என்றார்கள். வாயில் ஏதாவது கொடுத்தீர்களா என்று அந்த இளம் டாக்டர் கேட்டாள். அக்கா அப்போதுதான் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஓடி வந்து மூச்சு வாங்க நின்றிருந்தாள். நான் அக்காவைக் கையை நீட்டிக் காட்டினேன். "இவங்கதான் கோப்பி குடுத்தாங்க, டாக்டர்." ஞாயிற்றுக்கிழமை என்றும் சொன்னேன். வியாழக்கிழமை என்று என் வாயில் வரவில்லை. ஆறாம் நாள் அம்மா போய்விட்டாள். பிணம் வீட்டில் கிடக்கும்போதும், எண்ணெய் தேய்க்கக் குனிந்த அக்காவின் காதுக்கருகில் போய், "உன் கோப்பிதான்" என்றேன். என்ன பெண் நான்! அக்கா குனிந்தபடியே எண்ணெயைத் தேய்த்து முடித்தாள். அழவில்லை.

அதனால்தான் அந்தப் பூச்சி என்னை அப்படி எரித்தது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அவளுக்கு இரண்டு ஸ்பூன் கொடுத்து அவமானப்பட்டவள் வீட்டைத் தேடிப் போயிருக்கிறாள். பொய் சொன்னவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பூச்சி ஆணாக இருந்தால் என்ன, பெண்ணாக இருந்தால் என்ன? படித்த புத்தி ஒரு பக்கம் இருக்க, எனக்கும் அம்மா வர வேண்டும் என்றுதான் இருந்தது.

படையலன்று அக்கா வரவில்லை. மூத்த மகள் இல்லாமல் என்ன எட்டு என்று மாமா முணுமுணுத்தார். இலையில் எல்லாம் பரிமாறி, அம்மாவின் டம்ளரில் கோப்பி ஓ ஊற்றி வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே செருப்புகளுக்கு நடுவில் நின்றோம். காப்பாரிலிருந்து வந்திருந்த சித்தி, உள்ளே ஸ்பூன் சத்தம் கேட்டது என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்ததும் எல்லோருக்கும் முன்னால் ஓடிப் போய் டம்ளரைத்தான் பார்த்தேன். விளிம்பு வரை அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அக்கா போனை எடுக்கவில்லை. வேலைக்கும் போகவில்லை என்று கடையிலிருந்து தெரிந்தது. என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். "வீம்பு போதும். நேரா போய்ப் பாத்துட்டு வா" என்றார். பத்தாம் நாள் காலை கிள்ளானில் ரயில் ஏறினேன். உண்மையைச் சொல்கிறேன், சமாதானத்துக்காகப் போகவில்லை. உடைக்கத்தான் போனேன். அந்த ஜாதிப் பூச்சிக்கு ஆயுசு ஒரு வாரம், அதிகம் போனால் பத்து நாள். அது கீழே விழுந்து செத்துக் கிடக்கும்போது நீ என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்கப்போகிறேன். ரயிலில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அக்கா கதவைத் திறந்தாள். தலை சீவவில்லை. ஜன்னலெல்லாம் மூடி, காற்றாடி நின்று, வீடு அடுப்பு மாதிரி கொதித்தது. பூச்சி சுவரிலிருந்து இறங்கி ஜன்னல் திரைக்கு வந்திருந்தது. சிறகின் ஓரம் கிழிந்து தொங்கியது. அதற்கு நேர் கீழே ஒரு ஸ்டூல். ஸ்டூலில் ஒரு சின்னத் தட்டில் கோப்பி ஓ. எறும்பு ஏறாமல் இருக்க, தண்ணீர் ஊற்றிய தட்டில் அந்தத் தட்டை வைத்திருந்தாள்.

என்னை உட்காரச் சொல்லவில்லை. பூச்சியைப் பார்த்தபடியே பேசினாள். "ஒரு நாளைக்கு மூணு தடவ மாத்தி வைக்கிறேன். பக்கத்துலகூட வர மாட்டேங்கிறாங்க. ஒரு சொட்டுத் தொடல."

"அக்கா..."

"நீ சொன்னது சரிதான்டி. என் கோப்பியிலதான் போனாங்க. அதான் என் கையால வாங்க மாட்டேங்கிறாங்க. வந்து உக்காந்து, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, என்னைய இப்படித் தண்டிக்கிறாங்க."

ரயிலில் தயாராக வைத்திருந்த பேச்செல்லாம் வீணாகிவிட்டது. எனக்குக் கிடைக்காமல் அவளுக்குக் கிடைத்தது என்று நான் பற்றி எரிந்துகொண்டிருந்தேன். அவளோ இங்கே மூன்று நாளாகத் தீர்ப்புக் கேட்டு நின்றுகொண்டிருக்கிறாள்.

"கோவம்லாம் இல்லக்கா" என்றேன். "அதுக்கு வாயே கிடையாது."

திரும்பிப் பார்த்தாள்.

"புழுவா இருக்கும்போதே எல்லாத்தையும் தின்னு முடிச்சிரும். ரெக்க மொளச்சப்புறம் அதுக்கு வாய் இல்ல. தின்னவும் முடியாது, குடிக்கவும் முடியாது. உடம்புல இருக்குற கொழுப்பு தீர்ற வரைக்கும்தான் இருக்கும். இந்த ஆந்தை இருக்கே, அது கடைசி மூச்சு வரைக்கும் விழுங்கும், குஞ்சுக்கும் ஊட்டும். இதுக்கு அந்தக் குடுப்பன இல்ல. நீ எத்தன தட்டு வச்சாலும் குடிக்காது. உன் மேல ஒரு கோவமும் இல்ல."

அவளுக்கு நல்லது செய்துவிட்டதாக ஒரு நிமிடம் நினைத்தேன். இது வெறும் பூச்சி என்று இப்போது புரிந்துகொள்வாள், அல்லது கோபம் இல்லை என்றாவது ஆறுதல் அடைவாள் என்று நினைத்தேன். அக்கா பூச்சியைப் பார்த்தாள். கோப்பித் தட்டைப் பார்த்தாள். பிறகு, யாரிடமோ விசாரிக்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"அங்க போயுமா அவங்களுக்கு வாய் இல்ல?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதம் "கூடாதும்மா, கூடாதும்மா" என்று சொன்னது, தாளில் எழுதி ஒட்டியது, விளிம்பு வரை நிறைந்திருந்த அந்தப் படையல் டம்ளர், எல்லாம் சேர்ந்து கண்முன் வந்தது. இதற்கு மேல் இதை விழுங்கி வைத்திருக்க என்னால் முடியவில்லை.

"அக்கா, நானும் குடுத்தேன்."

"என்ன?"

"நீ போனப்புறம், வியாழக்கிழம. நானும் கோப்பி குடுத்தேன். மூணு ஸ்பூனு. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் காய்ச்சல் வந்துச்சு. டாக்டருகிட்ட சொல்லல. உன்னையக் காட்டிக் குடுத்துட்டேன்."

அக்கா குனிந்து என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். சின்ன வயதில்கூட அவள் என்னை அடித்ததில்லை. காது ரீங்கரித்தது. இன்னொன்று விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவளும் என் எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அடித்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு எண்ண தேய்க்கும்போதுகூடச் சொன்னியேடி" என்றாள். "பதினாறு நாளா நான் கொலகாரியா இருந்தேன்."

"தப்புதான்க்கா."

"யாரு குடுத்ததுல போனாங்கன்னு இப்ப எப்படித் தெரியும்?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது."

கீழே தெருவில் பூக்கடைக்காரர் யாரையோ கூப்பிட்டு வியாபாரம் பேசிக்கொண்டிருந்தார். அக்கா என் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"குடிச்சாங்களா?"

"ம்."

"சீனி நெறைய போட்டியா?"

"போட்டேன்."

"இருமுனாங்களா?"

"இல்ல. என் மூஞ்சியப் பாத்து சிரிச்சாங்க. இன்னும் வேணும்னு மறுபடி 'கோப்பி'ன்னாங்க."

அக்கா தலையை நிமிர்த்தினாள். அவள் முகம் முழுக்க ஆசையாக இருந்தது.

"குடுத்தியா?"

"இல்லக்கா" என்றேன். "தீந்துபோச்சுன்னு பொய் சொல்லி, டம்ளர மறச்சு வச்சிட்டேன்."